பண்டு மேல ஏறினா தான் லைன்

எங்கப்பா வாட்டர் கேட்டு பாத்தவரு. கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, இத சொன்னா ஏதோ டேம்ல எஞ்சினியரா இருந்தாருன்னு நெனச்சுக்கிறாங்க, நானும் சில நேரம் திருத்துறதில்ல. எங்க தோட்டம் ஊத்தான் மெலிந்தாங் பக்கம், பெர்னாம் ஆத்தோரம், ஆத்துக்கு அந்தப் பக்கம் சிலாங்கூர், இந்தப் பக்கம் பேராக். கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறி எறங்குற எடம் அது, தோட்டத்து மண்ணு ஏத்தத் தண்ணிய விட தாழ்வு, அதனால ஆத்தோரமா நீளத்துக்கு மண்ண அணைச்சு பண்டு போட்டு, செம்பனைக்கு நடுவுல ஓடுற கான் (வாய்க்கால்) எல்லாம் வந்து சேர்ற எடத்துல ஒரு கதவு வச்சிருப்பாங்க. ஆத்துல தண்ணி எறங்கும்போது கதவ தூக்கி விட்டா உள்ள நிக்கிற மழைத்தண்ணி வெளிய போயிரும், ஏறும்போது எறக்கிடணும், இல்லன்னா உப்புத்தண்ணி உள்ள வந்து மரம் கெட்டுப் போயிரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும் ரெண்டு தடவ எறங்கும், அதுவும் தெனமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும், அதனால அப்பாவுக்கு தூங்குற நேரம்னு ஒண்ணு கெடையவே கெடையாது.

அவருகிட்ட இருந்த கருவி மூணு. ஒரு டார்ச்லைட்டு, ஒரு சைக்கிளு, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்கின தேதி கிழிக்கிற காலண்டரு. அமாவாசை பௌர்ணமி வர்ற தாள்ல சிவப்பு பேனாவால வட்டம் போட்டு வச்சிருப்பாரு, அதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் பின்னால தான் பெரிய தண்ணின்னு சொல்லுவாரு. அம்மா விரதம் இருக்க அதே காலண்டர பாப்பாங்க, அப்பா கதவ எறக்க அதயே பாப்பாரு. நான் அப்பல்லாம் எல்லா வீட்டுலயும் காலண்டர் இதுக்குத்தான் மாட்டியிருக்காங்கன்னு நெனச்சிருந்தேன்.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா, போன மாசம் சூசன் கிராஃபோர்ட்னு ஒரு அமெரிக்க லா ப்ரொஃபசரோட புக்க மூணாவது தடவ படிச்சேன். இவங்கள பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு நெனச்சு விட்டுட்டே வந்தேன், ஏன்னா இவங்கள பத்தி எழுதினா என்னையும் சேத்து எழுதணும், அது கொஞ்சம் சங்கடமான வேலை.

முதல்ல அவங்க கதைய சுருக்கமா சொல்லிடுறேன். வாஷிங்டன்ல பெரிய லா ஃபெர்ம்ல பார்ட்னரா இருந்துட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவங்க. இண்டர்நெட் பேருங்களயும் முகவரியயும் கவனிக்கிற ஐகேன் அமைப்போட போர்டுல 2005லேர்ந்து 2008 வரைக்கும், 2009ல ஒபாமாவோட வெள்ளை மாளிகையில டெக்னாலஜி கொள்கை ஆலோசகரா, அப்புறம் ஹார்வர்ட்ல ப்ரொஃபசர். 2013ல ஒரு புக் எழுதினாங்க, 2011ல கோம்காஸ்ட்னு ஒரு கேபிள் கம்பெனி என்பிசி யூனிவர்சல்னு டிவி சினிமா கம்பெனிய வாங்கின டீல மையமா வச்சு, அமெரிக்காவுல வீட்டுக்கு வர்ற இண்டர்நெட்டு எப்படி ஊருக்கு ஒரு கம்பெனி கையில போய் மாட்டிக்கிச்சுன்னு. 2018ல ஃபைபர் பத்தி இன்னொண்ணு. அதுக்கப்புறம் பாத்தா 2023ல சவுத் கரோலினாவுல சார்ல்ஸ்டன்னு ஒரு கடலோர ஊரு வெள்ளத்துல முழுகுறத பத்தி ஒரு புக், நான் மூணாவது தடவ படிச்சேன்னு சொன்னது இது தான்! டெலிகோம் ஆளுங்க எல்லாருக்கும் ஆச்சரியம், என்னடா இந்தம்மா லைன் மாறிட்டாங்களேன்னு. எனக்கு மட்டும் ஆச்சரியமே இல்ல, வாட்டர் கேட்டு பாத்தவரோட பொண்ணுக்கு இது எப்படி ஆச்சரியமா இருக்கும்?

நான் ஸ்டாண்டர்ட் 5 படிக்கும்போது நடந்தத சொன்னா புரியும். நவம்பர் மாசம், பௌர்ணமி முடிஞ்சு மறுநாள், ரெண்டு நாளா விடாத மழை. மழையும் பெரிய தண்ணியும் ஒரே நேரத்துல வந்தா வாட்டர் கேட்டுக்காரனால ஒண்ணும் செய்ய முடியாது, கதவ தூக்கினா ஆறு உள்ள வரும், எறக்கினா மழைத்தண்ணி உள்ளயே நிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல அப்பா பண்டு மேல டார்ச்சு அடிச்சிக்கிட்டே போறப்ப ஒரு எடத்துல மண்ணு கசிஞ்சிருக்கு, நண்டு பொந்து மாதிரி ஒரு ஓட்டை, அதுலேர்ந்து தண்ணி விரல் மொத்தத்துக்கு வந்துக்கிட்டு இருந்துச்சாம். சாக்குல மண்ண ரொப்பி அடைக்க நாலு ஆளு போதும். ஆனா ஆள எப்படிக் கூப்புடுறது? லயத்துல, தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டின வீடுங்கள்ல, ஒருத்தர் வீட்டுலயும் போன் கெடையாது. ஆபீஸ்ல ஒரு கறுப்பு டெலிபோன் இருந்துச்சு, நம்பர் சுத்துற ஓட்டையில கிராணி (ஆபீஸ் கிளார்க்கு) சின்ன பூட்டு ஒண்ணு மாட்டி வச்சிருப்பாரு, யாரும் ஓசியில பேசிடக் கூடாதுன்னு. ஆபீஸ் கதவுலயும் பூட்டு. அப்பா சேத்துல சைக்கிள தள்ளிக்கிட்டு மண்டோர் (மேஸ்திரி) வீட்டுக்குப் போயி, அவர எழுப்பி, ஆளுங்கள எழுப்பி, திரும்பி வர்றதுக்குள்ள பண்டு ஒடஞ்சி போச்சு. கீழ் லயத்துல மூணு வரிசை வீடு, இடுப்பளவு தண்ணி. உயிர்ச்சேதம் இல்ல, ஆடு கோழி தான் போச்சு, எங்க ஸ்கூல் புக்கெல்லாம் போச்சு. விடிஞ்சதும் துரை, தோட்டத்து மேனேஜரு, லேண்ட்ரோவர்ல வந்து எறங்கி அப்பாகிட்ட கேட்ட முதல் கேள்வி, ஏன் முன்னாடியே தகவல் சொல்லல?

அப்பா பதில் சொல்லல. அந்தப் பூட்ட பத்தி அவரு வாயத் தொறந்து யார்கிட்டயும் பேசி நான் கேட்டதே இல்ல. நான் தான் இருபது வருஷமா பேசிக்கிட்டு இருக்கேன்.

நான் லா படிச்சு, வக்கீல் ஆகுறதுக்கான சிஎல்பி பரீட்சைய ரெண்டு தடவ எழுதி (முதல் தடவ ஊத்திக்கிச்சு, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல), கேஎல்ல ஒரு டெலிகோம் கம்பெனியில ரெகுலேட்டரி டிபார்ட்மெண்ட்ல சேந்தேன். கம்பெனி பேரு வேணாம். நம்ம மலேசியாவுல தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998, நடைமுறைக்கு வந்தது 1999 ஏப்ரல் 1. அதுல யுஎஸ்பின்னு ஒரு பகுதி இருக்கு, எல்லாருக்கும் சேவை போய்ச் சேரணும்னு. லைசென்ஸ் உள்ள பெரிய கம்பெனிங்க ஒரு கணக்கு போட்டு அவங்க நிகர வருமானத்துல 6% ஒரு நிதிக்குக் கட்டணும், அந்தக் காசுல டவர் வராத எடத்துக்கு டவர், லைன் போகாத எடத்துக்கு லைன். நல்ல சட்டம் தான், நான் குறை சொல்ல மாட்டேன், சபா சரவாக்ல எத்தனையோ எடத்துக்கு டவர் போயிருக்கு.

ஆனா ஒரு நாள் மீட்டிங்ல ஒரு லிஸ்டு வந்துச்சு. கம்பெனி சொந்தக் காசுல அடுத்த வருஷம் டவர் போடப் போற எடங்க. எக்செல் ஷீட்டு, ஒவ்வொரு வரியிலயும் எடத்துப் பேரு, எத்தனை வீடு, மாசம் எவ்வளவு வருமானம் வரும், எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும். கீழ எறங்க எறங்க வரிங்க சிவப்பாகுது. அதுல ஒரு சிவப்பு வரி எங்க தோட்டத்துக்குப் பக்கத்து டிவிஷன். நான் பாத்தேன், பேரப் பாத்து மனசு திக்குனுச்சு, ஒண்ணும் பேசல. ஃபைனான்ஸ்காரரு மௌஸ்ல இழுத்து அத்தனை சிவப்பு வரியயும் ஒரே தட்டுல டிலீட் பண்ணினாரு, கெட்ட மனுசன் இல்ல அவரு, தீபாவளிக்கு முறுக்கு கேட்டு வாங்கித் திங்கிறவரு தான். கணக்குப்படி சரியா தான் செஞ்சாரு. டெலிபோன் சுத்துற ஓட்டையில பூட்டு மாட்டின கிராணியும் கணக்குப்படி சரியா தான் செஞ்சிருப்பாரு.

இந்தக் கணக்கு தான் கிராஃபோர்டோட எல்லா புக்குலயும் ஓடுதுன்னு நான் சொல்றேன். அவங்க அடிக்கடி எடுக்கிற உதாரணம் கரண்ட்டு. 1930கள்ல அமெரிக்காவுல டவுனுக்கெல்லாம் கரண்ட்டு வந்தாச்சு, பண்ணைங்கள்ல 10ல 9க்கு கரண்ட்டு இல்ல, ஏன்னா ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவுல அவ்வளவு தூரம் கம்பி இழுத்தா கட்டுப்படியாகாதுன்னு தனியார் கம்பெனிங்க சொல்லிட்டாங்க. 1936ல கிராமப்புற மின்மயச் சட்டம் வந்து, குறைஞ்ச வட்டிக்கு அரசாங்கம் கடன் குடுத்து, விவசாயிங்களே கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு கம்பி இழுத்தாங்க. ஃபைபரும் அப்படித்தான் வரும், கம்பெனி கணக்குக்கு விட்டா வராதுன்னு அவங்க வாதம். டென்னசி மாநிலத்துல சட்டனூகான்னு ஒரு ஊரு, அந்த ஊரோட சொந்த கரண்ட்டு போர்டே ஃபைபர் போட்டு 2010லயே ஊரு முழுக்க ஒரு கிகாபிட் வேகத்துல இண்டர்நெட்டு குடுத்துச்சு, அத பத்தி ரொம்ப ஆசையா எழுதியிருப்பாங்க.

எனக்கு இந்த எடத்துல தான் ஒரு கடுப்பு. ஊரே செஞ்சுக்கணும்னு சொல்றது சுலபம், அங்க ஊருக்கு மேயர தேர்ந்தெடுக்குறாங்க. சார்ல்ஸ்டன்ல ஜோ ரைலின்னு ஒருத்தரு 40 வருஷம் மேயரா இருந்தாரு, அத்தனை தடவயும் ஓட்டு வாங்கி. இங்க 1965ல உள்ளாட்சித் தேர்தல நிறுத்தினது தான், அப்புறம் நடக்கவே இல்ல, மஜ்லிஸ்ல (உள்ளாட்சி மன்றத்துல) இருக்கிறவங்க எல்லாம் நியமனம். பண்டு ஒடஞ்சாலும் லைன் இல்லன்னாலும் யாருக்கு ஓட்டு போடாம இருந்து கோவத்தக் காட்டுறது? அமெரிக்காவ பத்தி எழுதுற அவங்ககிட்ட இதுக்கு பதில் எதிர்பாக்குறது நியாயமில்ல தான். ஆனா படிக்கிற நேரமெல்லாம் இந்தக் கேள்வி முள்ளு மாதிரி குத்தும்.

சரி சார்ல்ஸ்டனுக்கு வர்றேன். அடிமையா கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமெரிக்க மண்ணுல கால் வச்ச துறைமுகங்கள்ல பெருசு அது. பழைய ஓடைங்களயும் சதுப்பு நிலத்தயும் மண்ணு கொட்டி மூடி அது மேல ஊரக் கட்டிட்டாங்க, கடல் மட்டம் நூறு வருஷத்துல ஒரு அடிக்கு மேல ஏறியிருக்கு, இப்ப மழையே இல்லாம வெயில் அடிக்கிறப்பவே பெரிய தண்ணி நாள்ல தெருவுல தண்ணி நிக்குது, பழைய ஓடை எங்க ஓடிச்சோ அங்கயே. (தண்ணிக்கு ஞாபக சக்தி ஜாஸ்தின்னு அப்பா சொல்லுவாரு, மூடின கான் மேல வீடு கட்டாதேன்னு.) ராணுவத்தோட பொறியியல் பிரிவு ஒரு திட்டம் போட்டுச்சு, தீபகற்பத்த சுத்தி சுமார் 8 மைல் நீளத்துக்கு சுவரு, 100 கோடி டாலருக்கு மேல செலவு, 65% மத்திய அரசு 35% ஊரு. அந்தச் சுவரு எந்த வழியா போகணும்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா, காப்பாத்தப்படுற சொத்தோட மதிப்பு சுவரோட செலவ விட அதிகமா இருக்கணும். விலை உயர்ந்த வீடு இருக்கிற பக்கம் கணக்கு ஈஸியா தேறிடும். ரோஸ்மாண்ட்னு ஒரு கறுப்பினத்தவங்க வாழுற பகுதி, அது சுவருக்கு வெளிய விழுந்துச்சு, அங்க வீட்ட ஒசத்திக் கட்டுறது மாதிரி வேற ஏற்பாடு செய்வோம்னு சொன்னாங்க.

படிச்சிட்டு ஃபோன கீழ வச்சிட்டேன். அந்த எக்செல் ஷீட்டு தான் கண்ணு முன்னால வந்துச்சு. டவர் போட ஆள் எண்ணிக்கை பத்தல, சுவரு கட்ட வீட்டு விலை பத்தல, ரெண்டுலயும் கடைசி வரிசை லயத்துக்கு வர்றதுக்குள்ள கணக்கு முடிஞ்சி போயிருது.

அது மட்டுமில்ல, இந்த ரெண்டு துறையும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிற எடமும் ஒண்ணு இருக்கு, பேட்டரி. 2005ல அமெரிக்காவ அடிச்ச கத்ரினா புயலுக்கு ஆயிரத்துக்கும் மேல டவருங்க படுத்துருச்சு, கரண்ட்டு போனதும் பேட்டரி தீந்துச்சு, அவ்வளவு தான். 2007ல அங்க டெலிகோம் துறைய கட்டுப்படுத்துற எஃப்சிசி ஒரு விதி போட்டுச்சு, செல்போன் டவருக்கு குறைஞ்சது 8 மணி நேரம் பேக்கப் வேணும்னு. 8 மணி நேரம் தான் கேட்டாங்க! செல்போன் கம்பெனிங்களோட சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு, 2008ல வெள்ளை மாளிகை பட்ஜெட் ஆபீஸும் ஒத்துக்கல, விதி அமலுக்கு வராமயே செத்துப் போச்சு. 2017ல மரியா புயல் போர்ட்டோ ரீக்கோவ அடிச்சப்ப 95% டவரு வேலை செய்யல. பெரிய காட்டுத்தீக்கு அப்புறம் 2020ல தான் கலிஃபோர்னியா, ஆபத்தான எடங்கள்ல 72 மணி நேரம் பேக்கப் இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. டெலிகோம் சட்டம் படிச்ச ஒரு ஆளு தண்ணிய பத்தி ஏன் எழுத வந்தாங்கன்னு கேக்கிறவங்க இந்த 8 மணி நேரத்த மட்டும் யோசிச்சுப் பாத்தா போதும்.

நம்மளுக்கும் 2021 டிசம்பர் 18 வெள்ளம் வந்துச்சுல்ல. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல ஜனங்க கூரை மேல உக்காந்து வாட்ஸ்அப்ல லொக்கேஷன் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, சார்ஜ் தீர்ற வரைக்கும். அந்த வெள்ளத்துல 50 பேருக்கு மேல செத்தாங்க, நஷ்டம் 610 கோடி வெள்ளின்னு (ரிங்கிட்) புள்ளிவிவரத் துறை கணக்கு சொல்லுச்சு. என் கூட படிச்சவ ஒருத்தி அங்க தான் இருந்தா, சாயங்காலம் நாலு மணிக்கு "ரெண்டாவது மாடியில இருக்கோம், ஓகே" ன்னு ஒரு மெசேஜ், அதுக்கப்புறம் மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒத்த டிக்கு தான். அந்த ஒத்த டிக்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்த ராத்திரி தான் நான் வேலைய விடுறதுன்னு முடிவு பண்ணினேன்னு சொன்னா கதை நல்லா இருக்கும், நெசம் என்னன்னா அப்பாவுக்கு ஒடம்பு முடியல, அதுக்கு ஆறு மாசம் கழிச்சு தான் தெலுக் இந்தான்ல சின்னதா ஆபீஸ் போட்டேன், இப்ப நிலப் பத்திரமும் விவாகரத்தும் தான் சோறு போடுது.

நிலப் பத்திரம்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும், இந்த புக்குல நான் ஒத்துப் போகாத எடம் அது. தண்ணி வர்ற எடத்துலேர்ந்து ஜனங்கள முன்கூட்டியே, மரியாதையா, அவங்கள கேட்டு வேற எடத்துக்கு மாத்தணும், அதுக்கு அரசாங்கம் இப்பவே திட்டம் போடணும்னு கிராஃபோர்ட் சொல்றாங்க. படிக்கும்போது தலை ஆடுது, வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. ஏன்னா எடம் மாத்துறதுன்னா என்னன்னு தோட்டத்து ஆளுங்களுக்கு வேற யாரும் சொல்லித் தர வேணாம். நம்ம நிலம் எடுப்புச் சட்டம் 1960 யாருக்கு இழப்பீடு குடுக்கும்? முக்கியமா கெரான்ல (நிலப் பத்திரத்துல) பேரு உள்ளவங்களுக்கு. லயத்து வீடு கம்பெனி வீடு, மூணு தலைமுறை வாழ்ந்தாலும் வேலை முடிஞ்சா வீடு முடிஞ்சுது. எங்க கீழ் லயத்த இடிச்சப்ப அம்மா நட்ட முருங்க மரத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் சேத்து எவ்வளவு கெடச்சுதுன்னு கேக்காதீங்க. அமெரிக்காவுலயும் இதே தான், தெற்குல கறுப்பினக் குடும்பங்க தாத்தா நிலத்த உயில் எழுதாம கூட்டாவே வச்சிருப்பாங்க, பத்திரத்துல செத்துப் போனவரு பேரு தான் இருக்கும், புயலுக்கு அப்புறம் ஃபெமாகிட்ட (பேரிடர் உதவி குடுக்கிற மத்திய அரசு அமைப்பு) உதவி கேட்டுப் போனா உங்க வீடுதான்னு ஆதாரம் எங்கன்னு திருப்பி அனுப்பிருவாங்க. 2021ல தான் அந்த ஆதார விதிய தளர்த்தினாங்க. எடம் மாத்துற திட்டத்துல முதல் பக்கத்துலயே பத்திரம் இல்லாதவங்களுக்கு என்னன்னு எழுதாட்டி மிச்ச பக்கத்த நான் நம்ப மாட்டேன், அது ஹார்வர்ட்லேர்ந்து வந்தாலும் சரி நம்ம அரசாங்கம் இருக்கிற புத்ராஜெயாவுலேர்ந்து வந்தாலும் சரி.

கோவிட் ஊரடங்கு (எம்சிஓ) நேரத்துல ஸ்கூல் எல்லாம் ஆன்லைன்ல போச்சே, அப்ப அரசாங்கம் ஜெண்டேலான்னு ஒரு திட்டம் அறிவிச்சுது, மக்கள் வாழும் பகுதியில 4ஜி 91.8%லேர்ந்து 96.9% ஆகும்னு. மக்கள் வாழும் பகுதிங்கிற அந்த மூணு சொல்ல ரெகுலேட்டரியில வேலை பாத்தவ நான் ரெண்டு தடவ படிப்பேன், மிச்ச 3.1% எங்க இருக்குன்னு தான் என் கண்ணு தேடும். எங்க பக்கத்துப் பிள்ளைங்க அந்த வருஷம் பாடம் படிச்சது எங்க தெரியுமா, பண்டு மேல. செம்பனை எல பச்சையா அடர்த்தியா நின்னா சிக்னல தின்னுரும், கீழ லயத்துல ஒரு கோடு கூட வராது, பண்டு மேல ஏறினா ஆத்துக்கு அந்தப் பக்கத்து டவர் புடிக்கும். காலையில மோட்டோவுல அப்பாமாருங்க கொண்டு வந்து விட, பிள்ளைங்க வரிசையா பாய் போட்டு உக்காந்து, சிலாங்கூர் சிக்னல்ல பேராக் டீச்சர்கிட்ட படிச்சுதுங்க. மழை வந்தா தார்ப்பாய். எங்கப்பாவுக்கு அப்ப எழுபத்தஞ்சு வயசு, தாமான் (குடியிருப்பு) வீட்டுலேர்ந்து கெளம்பி போயி அந்தப் பிள்ளைங்களுக்கு தண்ணி ஏறுற நேரத்த சொல்லிட்டு வருவாரு, பதினோரு மணிக்குள்ள எறங்கிடுங்கய்யா, இன்னைக்கு பெரிய தண்ணின்னு.

போன ஞாயித்துக்கிழமை அவர கூட்டிக்கிட்டு அங்க போயிருந்தேன். பழைய மரக்கதவு இல்ல, இப்ப இரும்பு, மோட்டார் வச்சது, பாத்துக்கிறவரு பங்களாதேஷ்காரரு, தம்பி வயசு இருக்கும். அப்பா அவருக்கு மலாய்ல ஏதேதோ சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு, அவரும் ஃபோன்ல தண்ணி நேரம் காட்டுற ஆப்ப தொறந்து காட்ட ரெண்டு பேரும் தலைய ஒட்டி வச்சு பாத்துக்கிட்டு இருந்தாங்க. லோட் ஆகல. அந்தத் தம்பி ஃபோன தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு பண்டு மேல இன்னும் கொஞ்ச தூரம் நடந்து போனாரு.

திரும்பி வர்றப்ப காடியில (கார்ல) நான் சார்ல்ஸ்டன் கதைய சொன்னேன், எட்டு மைல் சுவரு, நூறு கோடி டாலரு, எல்லாம். அப்பா கண்ண மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டே வந்தாரு, தூங்கிட்டாருன்னு நெனச்சேன்.

"சுவரு சரி பாப்பா, மழை பேஞ்சா உள்ள நிக்கிற தண்ணி எப்படி வெளிய போவும்? கேட்டு வச்சிருக்காங்களா?"

"வச்சிருப்பாங்கப்பா. பம்பும் இருக்கும்."

"ராத்திரியில யாரு பாக்குறா?"